முகவரி மாற்றாமல் விட்டதால் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தேன்: இஸ்ரேலில் குடியேறிய எங்கள் அனுபவம்

எங்கள் குடும்பம் 2015 ஆகஸ்டு மாதம் சென்னையிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. வந்திறங்கிய நாளிலேயே குடியுரிமை கிடைத்துவிட்டது. ஆனால் நான் வாழும் ஊரின் நகராட்சித் தேர்தலில் நான் முதன்முறையாக வாக்களித்தது 2024 பிப்ரவரி 27 அன்றுதான். இடைப்பட்ட எட்டரை ஆண்டுகளில் பணமாகவும் நாளாகவும் மன நிம்மதியாகவும் நாங்கள் இழந்தவற்றில் பெரும்பகுதி, யாராவது ஒருவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இழக்காமல் இருந்திருக்கக் கூடியவை. மும்பையில் இருக்கும் என் சித்தப்பா மகன், தானும் வரலாமா என்று அண்மையில் கேட்டான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

என் அப்பா பெனே இஸ்ரேல் சமூகத்தைச் சேர்ந்தவர். கொங்கண் கடற்கரையில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும், மராத்தி பேசும் யூதர்கள் அவர்கள். செக்கு ஓட்டி எண்ணெய் ஆட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடுவதால், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களைச் 'சனிவார் தேலி' என்றே அழைத்தார்களாம். பிற்காலத்தில் அவர்களில் பலர் ரயில்வேயிலும் தபால் துறையிலும் படையிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்பாவும் அப்படித்தான் பெரம்பூர் ரயில்வே பணிமனைக்கு வந்து, வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த அம்மாவைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டார். எங்கள் வீட்டில் நல்லது நடந்தால் அப்பா மலிதா படைப்பார். ஊறவைத்த அவலில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, சுற்றிலும் பழங்களை அடுக்கி, எலியா தீர்க்கதரிசியை நினைத்து எபிரேய மொழியில் வேண்டிக்கொள்வார். அந்த அவலைப் பிசைவது எப்போதும் அம்மாதான். இப்படி இரண்டு உலகங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு, இஸ்ரேலின் சட்டம் என்னை எப்படிப் பார்க்கும் என்ற எண்ணமே அப்பா இறந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

சட்டம் சொல்வதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1950இல் இயற்றப்பட்ட 'திரும்பி வரும் உரிமைச் சட்டம்' உலகின் எந்த யூதருக்கும் இஸ்ரேலில் குடியேறும் உரிமையைத் தருகிறது. 1970இல் செய்த திருத்தம் அந்த உரிமையை யூதரின் வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மணந்தவர்கள் ஆகியோருக்கும் விரித்தது. ஆகவே யூதத் தந்தையின் மகளான நானும், அம்பத்தூரில் கடைசல் வேலை பார்த்த என் கணவரும், அப்போது ஒன்பது வயதான எங்கள் மகளும் அந்தச் சட்டத்தின் கீழ் தகுதி பெற்றோம். குடும்பமாக ஒரே நேரத்தில் விண்ணப்பித்து ஒன்றாகவே போக வேண்டும் என்பது மிக முக்கியம். முதலில் ஒருவர் போய் வேலை தேடிக்கொண்டு பிறகு மற்றவரை அழைத்துக்கொள்ளலாம் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் யோசனைதான். ஆனால் ஏற்கெனவே குடிமகனாகிவிட்டவரின் துணைக்கு வேறு நடைமுறை பொருந்தலாம், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். நாங்களும் அப்படி யோசித்து, இஸ்ரேலில் இருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தடுத்ததால் தப்பினோம்.

ஆவணங்களைத் திரட்டுவதற்கு மட்டும் ஏழு மாதங்களும் ஏறத்தாழ எண்பத்தைந்தாயிரம் ரூபாயும் செலவாயின. காரணம் நம் ஊர் முன்னெழுத்து வழக்கம். மும்பையில் தாத்தா பாட்டியின் கெத்துபா, அதாவது யூதத் திருமண ஒப்பந்தத்தில், அப்பாவின் குடும்பத்துக்குக் கொங்கணிலுள்ள ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்த குடும்பப்பெயர் இருந்தது. பெரம்பூருக்கு வந்ததும் ரயில்வே பதிவேட்டில் அது மறைந்து, முன்னே ஒரேயொரு எழுத்தும் பின்னே பெயருமாக அப்பா மாறிவிட்டார். என் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயரிலும் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. மூன்று ஆவணங்களில் இருப்பவரும் ஒரே மனிதர் என்று நிரூபிக்க நான் நான்கு முறை மும்பைக்கு ரயிலேறினேன். நான்காவது முறை, ஜெப ஆலயத்தில் இருந்த பெரியவர் ஒருவர் துணியில் சுற்றி வைத்திருந்த பழைய பதிவேட்டை எடுத்துவந்து, எச்சில் தொடாமல் ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைப் புரட்டி, அப்பா பிறந்த எட்டாம் நாள் பெயர் சூட்டிய குறிப்பைக் காட்டியபோது, நான் அங்கேயே அழுதுவிட்டேன். தமிழ்நாட்டில் பிறந்து இந்த வழியில் வர நினைப்பவர்கள், எல்லாச் சான்றிதழ்களிலும் பெயரை முதலில் ஒன்றுபோல் திருத்திக்கொள்ளுங்கள், பிறகு மாநில அரசின் சான்றொப்பத்துக்கும், அதன் பிறகே வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரைக்கும் கொடுங்கள். முத்திரை வாங்கிய பிறகு திருத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் இரண்டு சான்றிதழ்களுக்கு அப்படித் தொடங்கினேன்.

அடுத்தது இந்தியக் குடியுரிமை. இதைப் பற்றி யாரும் என்னிடம் உட்கார்ந்து பேசவில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமையைத் தன் விருப்பத்தால் பெறுபவர் இந்தியக் குடிமகனாக இருப்பது அத்துடன் முடிந்துவிடுகிறது. இஸ்ரேலிலோ, இந்தச் சட்டத்தின் கீழ் வருபவர் மூன்று மாதத்துக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் வந்த நாளிலிருந்தே குடிமகன். அந்த மூன்று மாதங்களும் வீடு தேடுவதிலும் பள்ளி தேடுவதிலும் ஓடிவிட்டன. வேண்டுமா, வேண்டாமா என்று நாங்கள் சேர்ந்து முடிவெடுக்கவே இல்லை, அது எங்களைக் கேட்காமலே முடிந்துவிட்டது. 2016இல் அம்மாவுக்குத் திடீரென்று அறுவைச் சிகிச்சை என்று செய்தி வந்தபோதுதான் அதன் பொருள் புரிந்தது. பழைய கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் பெறாமல் இந்தியாவுக்கு விசா கேட்க முடியாது, பழைய கடவுச்சீட்டைக் காட்டிப் பயணம் செய்தால் அது குற்றம். நான் சென்னையில் இறங்கியபோது சிகிச்சை முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் கையெழுத்துப் போட மகள் அருகில் இல்லை என்பதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. வந்த முதல் மாதத்திலேயே, யாருக்கும் உடல்நலம் கெடாதபோதே, கடவுச்சீட்டு ஒப்படைப்பையும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை விண்ணப்பத்தையும் முடித்துவிடுங்கள்.

வந்திறங்கிய நாள் என்னவோ மகிழ்ச்சியாகவே இருந்தது. இங்கே குடியேறுவதை 'அலியா' என்கிறார்கள், ஏறுதல் என்று பொருள். குடியேறிய ஆணை 'ஓலே' என்றும் பெண்ணை 'ஓலா' என்றும் எல்லோரையும் சேர்த்து 'ஓலிம்' என்றும் சொல்வார்கள். பென் குரியன் விமான நிலையத்தில் ஒரு தனி அறையில் உட்கார வைத்து, ஓலே சான்றிதழையும் முதல் தவணை உதவித்தொகையையும் கொடுத்து, நான்கு மருத்துவ நிதியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, போக வேண்டிய ஊருக்கு இலவசமாக டாக்சியிலும் ஏற்றிவிட்டார்கள். உள்துறைப் பதிவில் மதம் என்ற இடத்துக்கு வந்தபோதுதான் மனம் கனத்தது. யூத மத விதிப்படி தாயின் வழியாகவே யூதர். என் தாய் யூதர் அல்லர் என்பதால் குடியேறும் உரிமை எனக்கு உண்டு, ஆனால் யூதர் என்ற பதிவு இல்லை. இங்கே சிவில் திருமணம் கிடையாது, திருமணங்களை அந்தந்த மத அமைப்புகளே நடத்துகின்றன. எனவே நாளை என் மகள் ஒரு யூதரை மணக்க விரும்பினால், ஒன்று மதமாற்றப் படிப்பை முடிக்க வேண்டும், அல்லது பலரும் செய்வதுபோல் சைப்ரஸுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு வந்து இங்கே பதிய வேண்டும். இது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் வராமல் இருந்திருப்போம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மகளிடம் விமானம் ஏறும் முன்பே சொல்லியிருப்பேன். அவள் பதின்மூன்று வயதில் பள்ளியில் தோழியிடமிருந்து இதைத் தெரிந்துகொண்டு வந்து என்னைக் கேட்டாள்.

முதல் நான்கு மாதங்கள் அப்பாவின் அக்கா வீட்டில் இருந்தோம். மராத்தியில் அவரை 'ஆத்யா' என்றழைக்க வேண்டும். என் வாயில் அது எப்போதும் அத்தை என்றே வரும், அவரும் திரும்பிப் பார்ப்பார். அடையாள அட்டை வாங்கியபோது அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்தோம். இங்கே அடையாள அட்டையோடு 'ஸெஃபாஹ்' என்று ஓர் இணைப்புத் தாள் தருவார்கள், முகவரியும் பிள்ளைகளின் பெயர்களும் அதில்தான் இருக்கும். டிசம்பரில் வாடகை குறைவு என்பதற்காக நெகேவ் பாலைவனத்தில் ஒரு சிறு ஊருக்குக் குடிபோனோம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிப் பள்ளியில் இடம் வாங்கினோம், மருத்துவமனையில் பதிந்தோம், நகராட்சியில் வீட்டு வரிக் கணக்கைப் பெயர் மாற்றினோம். இத்தனை இடங்களில் புது முகவரியைச் சொன்ன பிறகு அரசுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஸெஃபாஹ் தாளில் அத்தை வீட்டு முகவரி அப்படியே இருந்தது.

உல்பான் என்ற எபிரேய மொழிப் பள்ளியில் நான் சேர்ந்தேன். ஐந்து மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், காலை நேரம், கட்டணமில்லை. என் கணவர் இரண்டாம் வாரத்திலேயே உல்பானை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். உதவித்தொகை ஆறேழு மாதத்தில் நின்றுவிடும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் நியாயமானதே, ஆனாலும் அதை மீறி இருவருமே படித்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். உதவித்தொகை கொடுப்பதே மொழி படிக்கும் மாதங்களில் சாப்பிடத்தான். அவர் எட்டு ஆண்டுகளாக இயந்திரத்தின் முன் ரஷ்ய மொழியும் இந்தியும் கைச்சாடையுமாகச் சமாளிக்கிறார், ஆனால் சம்பளச் சீட்டில் பிடித்தம் ஏன் என்று கேட்க என்னைத்தான் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

மொழி தெரிந்திருந்தும் நான் ஏமாந்த இடம் அர்னோனா. இது நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும். புதிதாகக் குடியேறியவருக்கு, வந்த முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் பன்னிரண்டு மாதத்துக்கு, நூறு சதுர மீட்டர் வரை தொண்ணூறு விழுக்காடு அளவுக்குச் சலுகை தரச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அது தானாக வராது, ஓலே சான்றிதழோடு போய்க் கேட்டு வாங்க வேண்டும். நான் வரிக் கணக்கைப் பெயர் மாற்றப் போன அன்று அந்தச் சான்றிதழ் என் கைப்பையிலேயே இருந்தது. எதிரே இருந்தவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேடு ஒன்றை உல்பான் தோழி வீட்டில் புரட்டியபோது அந்த வரியைப் பார்த்தேன். அது 2017 நவம்பர். வந்து இருபத்தேழு மாதம் ஆகியிருந்தது. ஏறத்தாழ மூவாயிரம் ஷெக்கல், அன்றைய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல், போனது போனதுதான். மூன்று முறை எழுதிக் கொடுத்தும் காலம் கடந்துவிட்டது என்ற ஒரே பதில்தான் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கருவி வாங்கத் தயங்கி, மகளுக்கு இரண்டு கம்பளியைச் சேர்த்துப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

அந்த வாரம் அத்தையிடம் தொலைபேசியில் புலம்பினேன். அத்தை ஆறுதல் சொல்லவில்லை. "கேட்டாயா? எழுத்தில் கேட்டாயா? எத்தனை பேரோடு போய்க் கேட்டாய்?" என்று வரிசையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னது அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் எனக்குச் சொல்லாதது. 1960களின் தொடக்கத்தில், யூத மதகுருக்களான ரபிகளின் தலைமைச் சபை, பெனே இஸ்ரேல் சமூகத்தார் மற்ற யூதர்களை மணக்க வேண்டுமானால் தாய்வழியில் பல தலைமுறைகளைத் துருவி விசாரிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இந்தியாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்து, நீங்கள் யூதர்கள்தானா என்று ஐயப்பட்ட ஆணை அது. 1964 கோடையில் அவர்கள் குடும்பம் குடும்பமாக எருசலேமுக்குப் போய் உட்கார்ந்து போராடினார்கள். அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மாலை வேலை முடிந்து பேருந்தில் போய் அவர்களோடு உட்கார்ந்தாராம். சேலை கட்டிய பெண்கள் தரையில் பாய் விரித்துக் குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, வழியில் போனவர்கள் நின்று நின்று பார்த்தார்களாம். அந்த ஆண்டு ஆகஸ்டு 17 அன்று நாடாளுமன்றமான க்னெஸெட் கூடி, பெனே இஸ்ரேல் சமூகத்தார் எல்லா வகையிலும் யூதர்களே, மற்றவர்களுக்குச் சமமான உரிமை உடையவர்களே என்று அறிவித்தது. ரபிகள் சபையும் அந்த ஆணையிலிருந்து சமூகத்தின் பெயரை நீக்கியது. "எங்களில் ஒருவருக்கும் எபிரேய மொழி ஒழுங்காக வராது. ஆனாலும் கேட்டோம்" என்றார் அத்தை. நான் ஐந்து மாதம் உல்பானில் படித்தவள். தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் தூங்கவில்லை.

சில வாரங்களில் அதைச் செய்து பார்க்க வாய்ப்பு வந்தது. எங்கள் ஊரில் உல்பான் காலையில் மட்டுமே நடக்கும். தொழிற்சாலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போகிறவர்கள் மொழி படிக்க வழியே இல்லை. உக்ரைனிலிருந்து வந்த ஒரு பொறியாளரும், எத்தியோப்பியாவிலிருந்து சிறுமியாக வந்த ஒரு மழலையர் பள்ளி ஆசிரியையும், நானும் சேர்ந்து மாலை வகுப்பு கேட்டு மனு எழுதினோம். அந்த ஆசிரியை அனுபவம் மிக்கவர். எத்தியோப்பிய யூதர்கள் கொடுத்த இரத்தம் இரகசியமாகக் கொட்டப்பட்டது 1996இல் வெளியே தெரிந்தபோது, பிரதமர் அலுவலகத்தின் முன் திரண்ட ஆயிரக்கணக்கானோரில் அவருடைய அண்ணனும் ஒருவர். மனுவை எப்படி எழுத வேண்டும் என்று அவர்தான் எனக்குக் கற்றுத் தந்தார். நம் ஊர் வழக்கப்படி நான் "பெருமதிப்புக்குரிய" என்று தொடங்கி, கருணை கூர்ந்து என்று முடித்திருந்தேன். அவர் இரண்டையும் அடித்துவிட்டு, எந்த உரிமையின்படி கேட்கிறோம், எத்தனை பேர் கேட்கிறோம், எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுத வைத்தார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அருகில் அடையாள எண் இருக்க வேண்டும், மனுவை 'தோஆர் ரஷூம்' என்ற பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், அலுவலகத்தில் வாயால் சொல்லும் எந்தப் பதிலையும் 'பிஹ்தாவ்', அதாவது எழுத்தில் தாருங்கள் என்று கேட்க வேண்டும். நகராட்சி மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். பேச அனுமதி கிடைக்காவிட்டாலும் பத்துப் பேர் போய் உட்கார்ந்தால் உறுப்பினர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கும் பதில் வராவிட்டால் அரசுத் தணிக்கைத் தலைவரிடம் புகார் செய்யலாம், 1971 முதல் அவரே மக்களின் குறைதீர்ப்பாளரும் ஆவார், கட்டணம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே அலுவலகத்தில் யாரையும் ஐயா, அம்மா என்று அழைப்பதில்லை, பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். காத்திருப்பவர்கள் வரிசையாக நிற்கமாட்டார்கள். உள்ளே நுழைகிறவர் "கடைசி ஆள் யார்?" என்று உரக்கக் கேட்டு, கை தூக்கியவரை நினைவில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் முதல் ஆண்டு முழுவதும் வாய் திறக்காமல் சுவரோரம் நின்று, எனக்குப் பின் வந்தவர்களெல்லாம் முடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். மரியாதையென்று நான் நினைத்ததை அவர்கள் எனக்கு அவசரமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அறுபத்து மூன்று கையெழுத்துகள் சேர்ந்தன. அது 2018, நகராட்சித் தேர்தல் ஆண்டு, எனவே வேட்பாளர்கள் எங்கள் மனுவைப் பற்றிக் கேட்டார்கள், சிலர் வாக்குறுதியும் கொடுத்தார்கள். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மன்றத்துக்குப் போட்டியிட்ட ஓர் அணியின் தொண்டர் எங்கள் அடுக்ககத்துக்கு வந்தார். கையில் வாக்காளர் பட்டியல், வீட்டு எண் வாரியாக அச்சிட்டது. ஏழாம் எண் வீட்டுக்கு நேரே அவர் விரல் வைத்த இடத்தில், எங்களுக்கு முன் குடியிருந்தவர்களின் பெயர்கள் இருந்தன. எங்கள் பெயர் இல்லை. அவர் அடையாள எண்ணைக் கேட்டு எங்கோ தொலைபேசியில் விசாரித்துவிட்டு, "உங்கள் வாக்கு அத்தை ஊரில் இருக்கிறது" என்று சொன்னார். வாக்காளர் பட்டியல் மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து தானாகவே தயாராகிறது. தனியாக விண்ணப்பிக்க வேண்டாம் என்பது பெரிய வசதிதான், ஆனால் பதிவேட்டில் எந்த முகவரி இருக்கிறதோ அந்த ஊரில்தான் வாக்கு. பட்டியல் முடிவான நாள் எப்போதோ கடந்திருந்தது. முகவரி மாற்றத்தைத் தபால் நிலையத்திலேயே சில நிமிடத்தில் செய்யலாம், பணமும் வேண்டாம். நான் மூன்று ஆண்டுகளாக அந்தத் தபால் நிலையத்தைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 30 அன்று வாக்குச்சாவடிகள் இரவு வரை திறந்திருந்தன. இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அத்தை ஊருக்குப் போய் வாக்களித்திருக்கலாம். அங்கே யாரை எனக்குத் தெரியும், எந்தத் தெருவைப் பற்றி எனக்குக் கவலை என்று நினைத்துப் போகாமல் இருந்துவிட்டேன். அறுபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கியவள், அந்த ஊரின் வாக்காளரே இல்லை என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் மாலை வகுப்பு 2019 தொடக்கத்தில் வாரம் இரண்டு நாள் என்று வந்தது, கேட்டதில் பாதி. என் கணவர் அதில் சேர்ந்த முதல் நாள் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு எடுத்துப்போனார்.

இந்தக் கதையை நான் புலம்பலாகச் சொன்னபோது, மருத்துவமனையில் எங்களுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லும், நெகேவ் பாலைவனத்து அரபு இனக்குழுக்களான பெதூயின்களைச் சேர்ந்த செவிலியர் ஒருவர், தன் அடையாள அட்டையின் இணைப்புத் தாளைக் காட்டினார். முகவரி என்ற இடத்தில் ஊர்ப்பெயர் இல்லை, அவருடைய இனக்குழுவின் பெயர் இருந்தது. அவர் பிறந்த ஊர் அரசு ஏற்காத ஊர்களில் ஒன்று, அங்கே உள்ளாட்சி மன்றமே இல்லை என்பதால் உள்ளாட்சி வாக்கும் இல்லை. அவர் இந்த நாட்டின் குடிமகள், அவருடைய பாட்டியும் இங்கேயே பிறந்தவர். நான் வேறு கண்டத்திலிருந்து வந்து ஒரே நாளில் பெற்றதும், கவனக்குறைவால் இழந்ததும், அவருக்குக் கையில் கிடைக்கவே இல்லை. அன்றிலிருந்து என் இழப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவரைப் பற்றியும் சொல்கிறேன், சொல்லாமல் விடுவது சரியில்லை.

அந்த நகராட்சித் தேர்தல் முடிந்த மறு வாரமே முகவரியை மாற்றினேன். 2019 ஏப்ரல் 9 அன்று க்னெஸெட் தேர்தலில் எங்கள் ஊரிலேயே வாக்களித்தேன். இங்கே சின்னமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு நீல உறையைத் தருவார்கள். திரைக்குப் பின்னால் ஒரு தட்டில், கட்சிக்கு ஓர் அறையாகச் சிறு சீட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் பெரிதாக ஓரிரு அல்லது மூன்று எபிரேய எழுத்துகள், கீழே கட்சியின் பெயர். உல்பானில் கையெழுத்து வடிவத்தையே அதிகம் எழுதிப் பழகியவர்களுக்கு அச்செழுத்தில் சில எழுத்துகள் ஒன்றுபோலவே தெரியும். உங்கள் கட்சியின் எழுத்தை முந்தைய நாளே தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு சீட்டைத்தான் உறையில் போட வேண்டும், இரு வேறு சீட்டுகள் இருந்தால் செல்லாது. 2019க்கும் 2022க்கும் இடையில் ஐந்து முறை க்னெஸெட் தேர்தல் வந்ததால் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. பக்கத்து வீட்டு ரஷ்யப் பாட்டி ஒவ்வொரு முறையும் 1996ஐ நினைவுகூர்வார். சோவியத்திலிருந்து வந்தவர்கள் நத்தான் ஷரான்ஸ்கியின் தலைமையில் தங்களுக்கென்று கட்சி தொடங்கி முதல் தேர்தலிலேயே ஏழு இடங்களைப் பிடித்தார்கள். அவர்கள் பல இலட்சம் பேர். நம்மைப் போன்றவர்கள் அவ்வளவு பேர் இல்லை, சிதறி வாழ்கிறோம், 120 பேர் கொண்ட மன்றத்தில் நம் குரலைத் தனியாகக் கேட்க வைப்பது கடினம். எனவேதான் உள்ளாட்சி முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒரு சிறு ஊரின் மன்றத்தில் ஓர் இடம் சில நூறு வாக்குகளில் முடிவாகிவிடுகிறது.

அந்த உள்ளாட்சித் தேர்தல் 2023 அக்டோபர் 31 அன்று நடக்க வேண்டியது. ஹமாஸ் தாக்குதல் நடந்த அக்டோபர் 7க்குப் பிறகு எங்கள் தெற்குப் பகுதியில் யாருக்கும் தேர்தல் நினைவே இல்லை, பாதுகாப்பறைக்குள் ஓடுவதும் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரிப்பதுமாக அந்த மாதம் போயிற்று. தேர்தல் தள்ளிப்போய், பிறகு மறுபடியும் தள்ளிப்போய், 2024 பிப்ரவரி 27 அன்று நடந்தது. நான் தவறவிட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டும் நான்கு மாதமும். உள்ளாட்சியில் பதினேழு வயதிலேயே வாக்குண்டு என்பதால் என் மகளுக்கும் அது முதல் வாக்கு. மகள் படித்த தொடக்கப் பள்ளிதான் சாவடி. நகரத் தலைவருக்கு மஞ்சள் உறையும் மஞ்சள் சீட்டும், மன்றத்துக்கு வெள்ளை உறையும் வெள்ளைச் சீட்டும். மகள் எனக்கு முன்னே போய், என்னைவிட வேகமாக வெளியே வந்து, கதவருகில் காத்திருந்தாள். நான் திரைக்குப் பின்னால் இரண்டு உறைகளையும் ஒட்டும் முன் சீட்டுகளை வெளியே எடுத்து மறுபடியும் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, உள்ளே தூங்கிவிட்டாயா?" என்று அவள் தமிழில் கேட்டது சாவடி முழுவதும் கேட்டது. அன்று மாலை அவலை ஊறவைத்து மலிதா படைத்தோம். அத்தைக்கு எண்பத்திரண்டு வயது, வர முடியவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டபோது, இருவர் பெயரும் பட்டியலில் சரியாக இருந்ததா என்றுதான் முதலில் கேட்டார்.